புற்றுமண்ணும் பச்சைக் கட்டமும்

என் வீட்டுக்காரர் போனதற்கு எது காரணம் என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கோயில் புற்றுமண்ணைச் சொல்லும், சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இன்னொரு கட்சி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கிற கம்ப்யூட்டரைச் சொல்லும். அதற்காக யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. துக்கம் கேட்க வந்த இடத்திலேயே, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என் கண் முன்னாலேயே இந்த வழக்கை நடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குக் குழாய் விட்டுப் பார்த்த இரண்டு தடவையும் அந்த அறைக்குள் நின்றவள் நான் ஒருத்திதான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் டம்ளரைப் பிடுங்கி வாசலில் ஊற்றியிருப்பேன், மகள் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

அவர் பத்திரம் எழுதுகிறவர். சங்கரன்கோவில் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு ஃபேன். மேலநீலிதநல்லூர், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் நிலம் வாங்கினாலும் விற்றாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். வருகிறவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?" என்பதுதான். அந்த நிலத்தின் மேல் கடனோ வழக்கோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக் கொடுக்கிற சான்று அது. இப்போதெல்லாம் அதைக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தத் தாளை நீட்டினால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துனதுக்குப் பொறவு உள்ளதுதான் இதுல வரும் வே. அதுக்கு முன்னால உள்ளத எவன் பாத்தான்? இதுல இல்லன்னா வில்லங்கமே இல்லன்னு அர்த்தமா?" என்பார். வந்தவர் முழிப்பார். இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த அறையில் ஏறி, அவருடைய டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு வருவது என் வழக்கம்.

அவருடைய அண்ணன் வாசுதேவநல்லூரில் இருந்தார். குளத்துப் பாசனத்தில் நல்ல வயல், நல்ல உடம்பு. மூலம் என்று சொல்லிக்கொண்டு, துத்தி இலையும் கருணைக்கிழங்குமாகக் காலத்தைத் தள்ளினார். பிறகு பார்த்தால் பெருங்குடலில் கட்டி, ஈரல் வரைக்கும் போய்விட்டிருந்தது. எலும்பும் தோலுமாகக் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், இது குடும்பத்தில் தொடர்ந்து வரலாம் என்று சொல்லியிருந்தார். குடலின் உள்சுவரில் சின்னப் பருவைப் போல ஒன்று முளைக்குமாம். பாலிப் என்பார்கள். அதில் சிலது ஒன்றும் செய்யாது. சிலது வருஷக்கணக்கில் இருந்து கட்டியாக மாறும். முளையிலேயே பார்த்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

பிழைத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அவரை அரித்தேன். அவருக்குப் பயம். அவர் பயந்தால் கோபப்படுவார்.

"மானம் போற சோலி. பின்னால குழாய விட்டுப் பாப்பானாம். வேற ஆளப் பாரு."

"உங்க அண்ணாச்சி மானத்தோடதான் போனாங்க. நாம போயி பாத்துட்டு வந்துருவோம்."

அது கொஞ்சம் கடுமையான பேச்சுதான். அப்படிப் பேசாவிட்டால் அவர் அசைய மாட்டார்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மகள்தான் திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். டாக்டர் குழாயை விட்டுப் பார்க்கும்போது, கூடவே செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். சந்தேகமான இடம் வந்தால் அதைச் சுற்றிப் பச்சையில் ஒரு கட்டம் போட்டுக் காட்டும். அது நல்ல வகையா கெட்ட வகையா என்றும் ஒரு வார்த்தை சொல்லும். ஸ்பீக்கரில் அவள் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்தது. டாக்டர் என்றால் மனிதர், அசந்துபோவார். மெஷினுக்கு அந்தக் கோளாறு இல்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"அப்பா, அது டாக்டருக்கு ஒத்தாசைதான். காட்டுனதத்தான் அது பாக்கும்" என்றாள் மகள்.

"சரி மக்கா, சரி" என்றார். அவர் கேட்டது பாதிதான் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

குடலைச் சுத்தம் செய்ய முந்தின நாளே ஆஸ்பத்திரியில் அறை எடுத்துக்கொண்டோம். மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸில் வருவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. தண்ணீர், இளநீர், வடிகட்டின கஞ்சித்தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். பதிவு செய்த பத்திரத்தைப் போல அவர் அதைக் கடைப்பிடித்தார். தொண்டை கசக்கிறதே என்று நான் ஒரு ஏலக்காயை நீட்டினேன். "ஒண்ணும் கூடாதுன்னு சொல்லியிருக்குலா" என்று என்னையே அதட்டினார். மருந்துத் தண்ணீர் உப்பும் வழவழப்புமாக, குடம் குடமாக இருந்தது. ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் கண்ணை மூடி, "தாயே கோமதி" என்று முணுமுணுத்தார். பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து முகம் சுருங்கிப்போனது. இந்த மனுஷன் இவ்வளவு சொன்னபடி கேட்பாரா என்று எனக்கு ஆச்சரியமாகவும் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்றார்கள். நான் உள்ளே போனேன். அவர் இடதுபக்கமாக ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஊசி போட்டதில் பாதி மயக்கம். டாக்டர் சின்ன வயசு, அமைதியான ஆள், அவரை அண்ணாச்சி என்றும் என்னை டீச்சர் என்றும் கூப்பிட்டார். குழாய் உள்ளே கடைசி வரை போய்விட்டு, திரும்பி வரும்போதுதான் ஒவ்வொரு இடமாகப் பார்ப்பார்களாம். கடைசி என்பது வயிற்றின் வலது பக்கம்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் திரையில் பச்சைக் கட்டம் வந்தது. டாக்டர் தண்ணீரைப் பீய்ச்சினார், கட்டம் போய்விட்டது. அடுத்த இடத்தில் இன்னொன்று. அதற்குள் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மெஷின் டிங் டிங் என்று சத்தம் போட்டது. குடல் சுவர் முழுக்கப் பழுப்பாக ஏதோ பூசினதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது, நடுநடுவே பொடிக்கட்டிகள். மெஷின் அந்தப் பொடிக்கட்டிகளுக்கெல்லாம் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் கழுவ, உறிஞ்ச, பிறகும் கழுவ, அது போவதாக இல்லை.

"அண்ணாச்சி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலயே" என்றார் இவர் சுவரைப் பார்த்தபடி.

"மண்ணு மாதிரில்லா இருக்கு."

இவர் முகத்தைத் தலையணையில் புதைத்தார். பிறகு, "புத்துமண்ணு" என்றார்.

எங்கள் கோமதியம்மன் கோயிலில் புற்றுமண் கொடுப்பார்கள். உடம்புக்கு என்ன வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவோம், நெற்றியில் இடுவோம், துளி நாக்கிலும் வைத்துக்கொள்வோம். நானும் வைத்துக்கொள்கிறவள்தான். சின்ன வயசில் அவருக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்து அதில்தான் ஆறியதாம். அந்த மண்ணைப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டம்ளர் மருந்துத் தண்ணீரோடும் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார். பயத்தில் சிட்டிகை பெரிதாகிக்கொண்டே போயிருக்கும். ஏலக்காய்க்கு என்னை அதட்டின மனுஷன்.

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னோமே" என்றாள் நர்ஸ்.

"அது சாப்பாடா தாயி? பிரசாதம்லா" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரும் சிரித்தார். "இந்த மெஷினுக்கு நம்ம ஊர் புத்துமண்ண யாரும் காட்டிக் குடுக்கல டீச்சர்" என்றார். நானும் சிரித்தேன். அந்த அறையில் நாங்கள் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இடது பக்கம் சுத்தமாக இருந்தது. அங்கே இரண்டு சின்னப் பாலிப்புகள். இரண்டிலும் கட்டம் ஆடாமல் அசையாமல் நின்றது, கீழே நல்ல வகை என்று வந்தது. டாக்டர் இரண்டையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சோதனையிலும் அதேதான் வந்தது. மெஷின் சொன்னது சரி. இதை நான் யாருக்காகவும் மறைக்க மாட்டேன்.

மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "இடது பக்கம் எனக்குத் திருப்தி. வலது பக்கத்த நான் பாத்தேன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மண்ணுக்கு அடியில தட்டையா எதுவும் இருந்தா எனக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. கட்டம் வரலங்கறதால ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல. மூணு மாசத்துக்குள்ள இன்னொரு தடவ வரணும். மண்ணு இல்லாம வரணும்."

இதற்கு மேல் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. இவர் தலையை ஆட்டினார்.

ஊருக்கு வந்த மறுநாள் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், டீக்கடையில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஒரே பேச்சு. நான் கேரியர் வாங்கப் போனபோது என் காதாலேயே கேட்டேன்.

"கம்ப்யூட்டரே உள்ள போயி பாத்துட்டுது வே. ரெண்டு இருந்துது, அதையும் எடுத்தாச்சு. இனி வில்லங்கம் கெடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை ஆள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், "தேடுன அளவுக்குத்தான் வில்லங்கம் இல்லன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. ஒரு பக்கம் தேடவே இல்லன்னு டாக்டர் சொன்னாரே" என்றேன். அவர் கேரியரை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

ஊருக்கெல்லாம் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்த மனுஷன், தன் உடம்புக்கு மட்டும் அதை விட்டுவிட்டார். இது முட்டாள்தனம் என்று மகள் சொன்னாள். இல்லை. அண்ணன் கட்டிலில் கிடந்த கிடையைப் பார்த்தவருக்கு, ஒன்றுமில்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் சொல்லவில்லை. அதனால் மெஷின் சொன்னதாக வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிகிற நேரம் வைகாசி, முகூர்த்த மாதம், பத்திரங்கள் வரிசையாக நின்றன. "ஆடியில ஒருத்தனும் பத்திரம் பதிய வரமாட்டான், அப்பப் போவோம்" என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. ஆடி வந்தது. கூடவே அம்மன் தபசு நிற்கிற திருவிழாவும் வந்தது. ஊரே நிரம்பி வழிய, வீட்டில் வாசுதேவநல்லூர் உறவு முழுக்க. "அம்மா தபசு நிக்கும்போது நான் அங்கன போயி படுத்துக்கிடவா?" என்றார். ஆவணியில் ஆடியில் நின்றுபோன பத்திரங்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. நான் சண்டை போட்டேன். ஒரு முறை நானே போன் செய்து தேதி வாங்கினேன், அன்றைக்கு விடியும் முன்னே கரிவலம்வந்தநல்லூருக்கு நிலம் அளக்கிற இடத்தைப் பார்க்கப் போவதாக பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் போனில் அழுதாள். "எனக்கு என்ன மக்கா, நல்லாத்தான இருக்கேன்" என்றார். பார்வைக்கு நல்லாத்தான் இருந்தார், அதுதான் எங்கள் கேடுகாலம்.

தை போய் மாசி வந்தபோது, ஆபீஸ் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நகம் வெளுத்திருந்தது. இங்கே எங்கள் டாக்டரிடம் ரத்தம் சோதித்தால், இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. "எங்கனயோ கசியுது. உடனே திருநெல்வேலிக்குப் போங்க" என்றார் அவர். இவர் மறுக்கவில்லை. இவர் மறுக்காததைப் பார்த்ததும் நான் அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டேன்.

இந்தத் தடவை கிளம்புகிறதற்கு முன்னால் சட்டைப்பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டினார். பூஜை மாடத்தில் இருந்த புற்றுமண் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ வச்சுக்கோ" என்றார். கார் தெற்கு ரத வீதி முனையில் திரும்பும்போது கோபுரத்தைப் பார்த்து வண்டிக்குள் இருந்தே கும்பிட்டார். இறங்கவில்லை. "எறங்குனா கை சும்மா இருக்காது" என்றார். அவருக்காகச் சிரித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது, சிரிப்பு வரவில்லை.

அதே அறை, அதே கட்டில், அதே ஒருக்களித்த படுக்கை. நர்ஸ் வேறு ஒருத்தி. மருந்துத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தார். குடல் கண்ணாடி போல இருந்தது. குழாய் வலது பக்கம் போய்ச் சேர்ந்தது.

பச்சைக் கட்டம் வந்தது. அது வரவே வேண்டியதில்லை. எனக்கே தெரிந்தது. குடலின் பாதியை அடைத்துக்கொண்டு, மேடும் பள்ளமுமாக, தொட்ட இடத்தில் ரத்தம் கசிய ஒன்று உட்கார்ந்திருந்தது. கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. மெஷின் அதன் ஓரத்தில் ஒரு கட்டம், நடுவில் ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, டிங் டிங் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. டாக்டர் நர்ஸைப் பார்த்தார். அவள் போய்ச் சத்தத்தை நிறுத்தினாள். போன வருஷம் பொடிக்கட்டிகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டம் வந்த அதே இடம் அது. அந்த மண்ணுக்கு அடியில் அப்போதே இது எந்த அளவில் இருந்தது என்று நான் டாக்டரிடம் இன்று வரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அந்த வியாதிக்கு எங்கள் ஊரில் யாரும் தமிழில் பேர் சொல்வதில்லை. கேன்சர் என்போம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். டாக்டர் அந்த இங்கிலீஷ் வார்த்தையைப் படுத்திருக்கிறவர் காதில் போட வேண்டாம் என்று நினைத்திருப்பார். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "புத்துதான் டீச்சர்" என்றார்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. இவர் மயக்கத்தோடு தலையைத் தூக்கப் பார்த்தார். நாக்கு குழறியது.

"இல்ல சார்" என்றார். "இந்தத் தடவ நான் தொடவே இல்ல. சத்தியமா தொடல. அவகிட்ட வேணா கேளுங்க. அவதான் சாட்சி."

டாக்டர் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர், முதல் தடவையாகத் தனக்கு ஒரு சாட்சியைக் கூப்பிட்டிருக்கிறார். நான் போய் அவர் தோளில் கையை வைத்தேன்.

"ஆமா டாக்டர்" என்றேன். "அவங்க தொடல."

"அதாம்லா" என்றார், நிம்மதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.